எழுதத்தக்க சுவர்ப்பரப்புகள்: கூட்டு அலுவலகத்துக்குத் தேர்ந்தெடுத்தல்

ஓர் அறையின் சுவரிலேயே எழுதவும், எழுதியதை அழித்து மீண்டும் எழுதவும் ஏற்றவாறு அமைக்கப்படும் பரப்பு எழுதத்தக்க சுவர்ப்பரப்பு எனப்படும். பள்ளிகளின் கரும்பலகை இதன் பழைய வடிவம். வெண்பலகைப் பூச்சு, ஒட்டுத்தாள், கண்ணாடிப் பலகை முதலியவை இன்றைய வடிவங்கள். பல நிறுவனத்தார் அல்லது பல தொழில் செய்வோர் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டு அலுவலகங்களில் இத்தகைய சுவர்கள் இப்போது மிகுதியாகப் பயன்படுகின்றன.

பெருநகரங்களில் மட்டும் இருந்த இவ்வகை அலுவலகங்கள் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் ஏறத்தாழ 63,000 சதுர அடி பரப்பில் அமைந்த சிறிய டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடைவீதி மாடிகளில் கணக்கர், போட்டித் தேர்வுப் பயிற்சி நடத்துவோர், வலைத்தளம் அமைப்போர் ஆகியோர் ஒரே கூடத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்துவதையும் காணலாம். இத்தகைய இடங்களுக்கு எந்தப் பரப்பு ஏற்றது, அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

பலர் பார்க்க எழுதி அழிக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கையால் கலைத்தனர். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் இராணுவ ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் கண்ட இந்த மணல் எழுத்து முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியாக அது இங்கிலாந்துக்கும் சென்றது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய கரும்பலகை ஐரோப்பிய, அமெரிக்கப் பள்ளிகளில் பரவியது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளில் கரும்பலகை என்பது பெரும்பாலும் சுவரில் சிமெண்டால் வழவழப்பாகப் பூசிக் கறுப்பு அடித்த பகுதிதான். வெளுத்துப்போனால் அடுப்புக்கரியையும் கோவை இலையையும் சேர்த்து அரைத்துப் பூசுவர். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987இல் தொடங்கிய நடுவண் அரசின் தொடக்கப் பள்ளித் திட்டத்துக்குக் 'கரும்பலகைத் திட்டம்' என்றே பெயர். இரண்டு வகுப்பறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைக் கற்பித்தல் கருவிகள் என்பவற்றைக் குறைந்த அளவாக அது வரையறுத்தது.

பள்ளிச் சுவர் தரும் பாடம்

எழுதும் சுவரைப் பலருக்கும் பொதுவாக்கிய பெரிய முயற்சி தமிழ்நாட்டிலேயே நடந்துள்ளது. செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08ஆம் கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஆந்திர மாநிலம் ரிஷிவேலியில் உருவான கற்றல் முறையை முன்மாதிரியாகக் கொண்டது இது. இதன்படி பிள்ளைகள் தரையில் பாயில் அமர்ந்தனர். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் வகுப்பறைச் சுவரைச் சுற்றித் தாழ்மட்டக் கரும்பலகை அமைக்கப்பட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பகுதி உண்டு.

அதுவரை கரும்பலகை ஆசிரியருக்கு உரியது. பிள்ளை அதில் எழுத வேண்டுமானால் அழைக்கப்பட வேண்டும், பல வேளைகளில் எட்டி எட்டி எழுதவும் வேண்டும். பலகையைக் கீழே இறக்கியதும், பின்னால் ஒதுங்கியிருந்த பிள்ளையும் எழுதத் தொடங்கியது. பரப்பு அதே சிமெண்டும் கறுப்புப் பூச்சுந்தான். மாறியவை உயரமும் உரிமையும் மட்டுமே.

கூட்டு அலுவலகத்துக்கும் இது பொருந்தும். 'எந்தப் பொருள் சிறந்தது' என்று கேட்பதற்கு முன், 'யார் எழுதுவார்கள், யார் படிப்பார்கள், யார் துடைப்பார்கள்' என்று கேட்க வேண்டும். விலை உயர்ந்த பலகையை ஒரு மூலையில் உயரத்தில் மாட்டிவிட்டால் அது மேலாளர் ஒருவரின் பலகையாகவே இருந்துவிடும்.

பரப்பு வகைகள்

1. கரும்பலகைப் பூச்சு: விலை குறைவு, கண்ணுக்கு இதம், ஒளி திருப்பாது. ஆனால் சாக்பீஸ் தூள் படியும். கணினி, அச்சுப்பொறி, ஒளிவீழ்த்தி உள்ள அறைக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் பணிபுரியும் அறைக்கும் ஏற்றதன்று. வராந்தா, உணவருந்தும் இடம் போன்றவற்றில் அறிவிப்பு எழுதப் பயன்படும்.

2. வெண்பலகைப் பூச்சு: எபாக்சி, பாலியூரித்தேன், அக்ரிலிக் ஆகியவற்றில் ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. பெரும்பாலும் இரண்டு டப்பாக்களாக வரும். இரண்டையும் கலந்தபின் குறிப்பிட்ட நேரத்துக்குள் ரோலரால் அடித்து முடித்துவிட வேண்டும். முழுவதும் இறுக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், அதற்குமுன் எழுதினால் மை பூச்சுக்குள் இறங்கிக் கறையாகும். சுவர் முழுவதையும் இணைப்புக் கோடின்றி எழுதும் பரப்பாக்கலாம் என்பது இதன் சிறப்பு. சுவரின் சிறு மேடுபள்ளமும் அப்படியே தெரியும் என்பது குறை. அடிக்கும்போது எழும் ஆவி கெடுதலானது. சன்னல்களைத் திறந்து, முகமூடி அணிந்து, விடுமுறை நாளில் செய்ய வேண்டும்.

3. ஒட்டுத்தாள்: பின்புறம் பசையுள்ள பிளாஸ்டிக் தாள். வாடகை இடத்துக்கு ஏற்றது, உரித்து எடுக்கலாம். ஒட்டும்போது காற்றுக் குமிழ் தங்காமல் மேலிருந்து கீழாகத் தேய்த்து ஒட்ட வேண்டும். உதிரும் சுண்ணாம்புச் சுவரில் நிற்காது. ஓரங்கள் முதலில் கிளம்பும்.

4. மைக்கா பலகை: மரப்பலகை மீது லேமினேட் தாள் ஒட்டியது. தச்சரே செய்து தருவார். கடையில் விற்கும் சாதாரண வெள்ளை மைக்காவில் சில மாதங்களிலேயே மை தங்கிவிடும். மார்க்கரில் எழுதுவதற்கென்றே வரும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். தாள் 8 அடிக்கு 4 அடி அளவில் வருவதால், அதைவிடப் பெரிய பலகையில் இணைப்புக் கோடு தவிர்க்க முடியாதது.

5. எனாமல் எஃகுப் பலகை: எஃகுத் தகட்டின் மீது கண்ணாடித் தூளைப் பூசி ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் சுட்டு எடுப்பது. எளிதில் கீறாது, கறை தங்காது, காந்தமும் ஒட்டும். விலை கூடுதல், ஆனால் நெடுங்காலம் உழைக்கும்.

6. கண்ணாடிப் பலகை: பின்புறம் வண்ணம் பூசிய உறுதியூட்டிய கண்ணாடி. கறையே தங்காது எனலாம். எடையை மறக்கக் கூடாது: 6 மி.மீ. கனமுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. 8 அடிக்கு 4 அடி பலகை ஏறத்தாழ 45 கிலோ வரும். செங்கல் சுவர் தாங்கும், ஜிப்சம் தடுப்புச் சுவரில் உள்ளே சட்டம் இல்லாமல் மாட்டக் கூடாது. உறுதியூட்டியபின் கண்ணாடியைத் துளையிடவோ வெட்டவோ முடியாது. ஆகவே துளைகளின் இடத்தை முன்கூட்டியே அளந்து சொல்ல வேண்டும். வண்ணம் பூசாத தெளிந்த கண்ணாடியைச் சுவரிலிருந்து இடைவெளி விட்டு மாட்டினால் எழுத்தின் நிழல் பின்சுவரில் விழுந்து இரட்டை எழுத்தாகத் தெரியும்.

முதலில் சுவரைப் பார்க்க வேண்டும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பது பழமொழி. விழுப்புரத்துக்கு அண்மையிலுள்ள பனமலைக் கோயிலில் பல்லவர் கால ஓவியத்தின் ஒரு பகுதி 1,300 ஆண்டுகளுக்குப் பின்னும் காணக் கிடைக்கிறது. சாந்து பிடித்து நின்ற இடத்தில் ஓவியமும் நின்றது. வெண்பலகைப் பூச்சுக்கும் இதே விதிதான்.

இம்மாவட்டத்தில் முதல் எதிரி ஓதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. 2024 டிசம்பர் முதல் நாளில் பெஞ்சல் புயலை ஒட்டி மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய மழையில் நனைந்த சுவர் வெளியே காய்ந்ததுபோலத் தோன்றினாலும் உள்ளே ஈரம் நெடுநாள் இருக்கும். அதன்மேல் காற்றுப் புகாத பூச்சை அடித்தால், வெளியேற முடியாத ஈரம் பூச்சைக் கொப்புளமாகத் தள்ளும். மரக்காணம், வானூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் பலகையின் இரும்புத் திருகுகள் துருப்பிடிக்கும். அங்கே துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளையே பயன்படுத்த வேண்டும்.

சுவரைச் சோதிக்க எளிய வழிகள் உள்ளன.

- ஒரு முழம் அளவுள்ள பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விட்டுவைக்கவும். உட்புறம் நீர்த்துளி அரும்பினால் சுவரில் ஈரம் உள்ளது.
- உள்ளங்கையால் தேய்க்கவும். வெள்ளைத்தூள் ஒட்டினால் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும்.
- சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தால் அதற்குப் பூச்சு மருந்தாகாது. நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அடைக்க வேண்டும்.
- மட்டப்பலகையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, பின்னாலிருந்து கைவிளக்கு அடிக்கவும். ஒளி கசியும் இடங்கள் பள்ளங்கள்.

புதிதாகப் பூசிய சுவரை நான்கு வாரமாவது உலரவிட வேண்டும். பிறகு பட்டி பார்த்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் பின்னரே வெண்பலகைப் பூச்சு. இவற்றைச் செய்ய நேரமோ பணமோ இல்லையெனில் பூச்சை விட்டுவிட்டுச் சட்டமிட்ட பலகையை மாட்டுவதே நல்லது. அது சுவரின் குறையைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளாது.

ஒளியும் எழுத்தளவும்

பளபளப்பான பரப்பில் மை எளிதில் அழியும், ஆனால் ஒளி திருப்பும். மங்கலான பரப்பில் ஒளி திருப்பாது, ஒளிவீழ்த்தியின் திரையாகவும் பயன்படும், ஆனால் அழிக்கச் சற்று அழுத்தித் துடைக்க வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைப்பது அரிது.

இக்கட்டுரையாளர் பணியாற்றிய பள்ளியொன்றில் ஆண்டாய்வுக்கு முந்திய வாரம் கரும்பலகைகளுக்குப் பளபளப்பான எனாமல் வண்ணம் அடித்தார்கள். ஆய்வாளர் வாசலில் நின்று பார்த்தபோது பலகை அழகாகவே இருந்தது. சன்னலுக்கு எதிரே அமர்ந்த இரண்டு வரிசைப் பிள்ளைகள் மட்டும் காலை முழுவதும் பக்கத்துப் பிள்ளையின் குறிப்பேட்டைப் பார்த்தே எழுதினர். அதை அறிய எங்களுக்குப் பல நாள் ஆயிற்று. ஆகவே பரப்பை வாசலில் நின்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. மாதிரித் துண்டு ஒன்றைச் சுவரில் பிடித்து, அறையின் ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து, காலை, நண்பகல், விளக்குப் போட்டபின் என மூன்று வேளையும் பார்க்க வேண்டும். சன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரைவிட, சன்னலுக்குப் பக்கவாட்டில் உள்ள சுவரே பொதுவாக ஏற்றது.

எழுத்தின் அளவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, 10 அடித் தொலைவுக்கு 1 அங்குலம் என்பது. 20 அடி நீளக் கூடத்தின் கடைசி இருக்கைக்கு 2 அங்குல எழுத்து தேவை. தமிழில் மேலே புள்ளியும் விலங்கும், கீழே உகரச் சுழியும் வருவதால் ஒரு வரிக்கு 4 அங்குலம் ஒதுக்க வேண்டியிருக்கும். 4 அடி உயரப் பலகையில் 12 வரிதான் எழுதலாம். எத்தனை வரி தேவை என்று கணக்கிட்டே பலகையின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

கறை தங்கும் பரப்பு தமிழ் எழுத்துக்குக் கூடுதல் இடர். புள்ளி மங்கினால் 'பல்' என்பது 'பல' ஆகும். கொம்பின் சுழி மங்கினால் 'கேடு' என்பது 'கெடு' ஆகும். நேற்றைய புள்ளி ஒன்று அழியாமல் இருந்தால் இன்றைய 25 என்பது 2.5 ஆகிவிடும். கணக்கு எழுதும் அலுவலகத்தில் இது சிறிய பிழையன்று. கறை தங்காத பரப்புக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு இதுவே காரணம்.

உயரமும் எட்டும் எல்லையும்

எழுதுவதற்கு ஏற்ற உயரமும் படிப்பதற்கு ஏற்ற உயரமும் வேறு. அமர்ந்திருப்போர் நடுவே பின்வரிசைக்குத் தெரிய வேண்டுமானால் எழுத்து தரையிலிருந்து 90 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏறத்தாழ 120 செ.மீ. வரை எட்டலாம். நின்று எழுதுவோருக்கு 180 செ.மீ.க்கு மேல் தோள் வலிக்கும்.

ஆகவே பரப்பைத் தரையிலிருந்து 60 செ.மீ. அளவில் தொடங்கி 190 செ.மீ. வரை கொண்டு செல்வது எல்லோருக்கும் இடம் தரும். கூரை வரை பூச்சு அடிப்பது வீண்செலவு. எழுதுகோல் தட்டை மேலே வைக்காமல் 90 செ.மீ. உயரத்தில் வைக்க வேண்டும். பலகையின் முன் மேசையோ அலமாரியோ போடாமல் 3 அடி இடைவெளி விடாவிட்டால் எந்த உயரமும் பயன் தராது.

எழுதுகோலும் துடைப்பும்

வெண்பலகை மார்க்கரின் மையில் விரைவில் ஆவியாகும் சாராயக் கரைப்பானும், மையைப் பரப்பில் ஒட்டவிடாமல் மேலே மிதக்கவைக்கும் எண்ணெய்த் தன்மையுள்ள பொருளும் உண்டு. அதனால்தான் உலர்ந்த துணியே அதை அழிக்கிறது. நாளடைவில் பரப்பில் நுண்ணிய கீறல்கள் விழுந்து மை அவற்றுள் தங்கும்.

- எழுதியதை அன்றே அழிப்பது நல்லது. வாரக்கணக்கில் விட்ட மை இறுகிவிடும்.
- பழைய வேட்டித் துணி போன்ற மெல்லிய பருத்தித் துணி போதும். பாத்திரம் தேய்க்கும் நாரும் தூளும் ஆகா.
- வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றவும்.
- தவறுதலாக அழியா மையில் எழுதிவிட்டால், அதன்மேலேயே வெண்பலகை மார்க்கரால் எழுதி உடனே துடைக்கவும். புதிய மையின் கரைப்பான் பழையதை இளக்கும். போகாவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியைப் பயன்படுத்தலாம். ஸ்பிரிட் தீப்பற்றக் கூடியது என்பதை மறக்கலாகாது.
- மார்க்கர்களைப் படுக்கவைத்து வைத்தால் மை ஒரு பக்கம் இறங்காது.

கூட்டு அலுவலகத்துக்கே உரிய சிக்கல்கள்

ஒரே சுவரைப் பலர் பயன்படுத்தும்போது மூன்று பூசல்கள் எழும். முதலாவது, ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவது. 'அழிக்க வேண்டாம்' என்று எழுதி வைப்பது தீர்வன்று, அது மாதக்கணக்கில் நிற்கும். பக்கத்தில் பெயரும் 'இன்ன தேதி வரை' என்ற குறிப்பும் எழுதும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். தேதி கடந்தால் யாரும் அழிக்கலாம்.

இரண்டாவது, மறைபொருள். வாடிக்கையாளரின் பெயர், தொகை, கடவுச்சொல் போன்றவை பொதுச் சுவரில் இருக்கலாகாது. தெருவிலிருந்து தெரியும் கண்ணாடித் தடுப்பில் எழுதுவோர் இதை மறந்துவிடுவதுண்டு. முடிந்ததும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு அழித்துவிட வேண்டும்.

மூன்றாவது, வீட்டு உரிமையாளர். வெண்பலகைப் பூச்சின் மேல் வேறு வண்ணம் எளிதில் பிடிக்காது. நன்கு தேய்த்து மீண்டும் பிரைமர் அடிக்க வேண்டும். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் வராமலிருக்க, அடிக்கும் முன்பே எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

திண்டிவனத்தில் 20 அடிக்கு 12 அடி அளவுள்ள வாடகை மாடி அறை ஒன்றைக் கொள்வோம். பகலில் கணக்கர் இருவரும் மென்பொருள் இளைஞர் இருவரும், மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பதினைந்து பேரும் அதைப் பயன்படுத்துகின்றனர். மேற்குச் சுவரில் சாரல் அடித்து ஓதம் ஏறியுள்ளது. கிழக்கே சன்னல்கள். தெற்கே வாசல். வடக்கே 12 அடி நீளமுள்ள உட்சுவர், உலர்ந்தது, சன்னலுக்குப் பக்கவாட்டில் உள்ளது.

மேற்குச் சுவர் காலியாக இருப்பதால் அதில் பூச்சு அடிக்கலாம் என்றே முதலில் தோன்றும். அது அடுத்த மழைக்குத் தாங்காது, காலை வெயிலும் எதிரே வந்து கண்ணைக் கூசும். வடக்குச் சுவரே சரி. வாடகை இடம் என்பதால் திருகிக் கழற்றக்கூடிய மார்க்கர் வகை மைக்கா பலகை ஏற்றது. 8 அடிப் பலகை ஒன்றும் 4 அடிப் பலகை ஒன்றும் அருகருகே வைத்தால் இணைப்புக் கோடே எல்லைக் கோடாகும். பெரியது வகுப்புக்கும் கூட்டத்துக்கும், சிறியது பகலில் இருப்போரின் தேதி குறித்த குறிப்புகளுக்கும் ஆகும். கடைசி இருக்கை 18 அடியில் இருப்பதால் 2 அங்குல எழுத்துப் போதும். நாளைக்கு அறையை மாற்றினாலும் பலகைகள் உடன் வரும்.

தேர்வு செய்யும் வரிசை

1. யார் எழுதுவார், யார் படிப்பார், யார் துடைப்பார் என்று பட்டியலிடுக.
2. ஈரம், உதிர்வு, சமன் ஆகிய மூன்றுக்கும் சுவரைச் சோதிக்க.
3. சொந்த இடமா வாடகையா என்பதை ஒட்டிப் பூச்சா பலகையா என முடிவு செய்க.
4. எல்லா இருக்கையிலிருந்தும் மூன்று வேளை ஒளியில் மாதிரித் துண்டைப் பார்க்க.
5. கடைசி இருக்கையின் தொலைவைக் கொண்டு எழுத்தளவையும், அதைக் கொண்டு பலகையின் அளவையும் கணக்கிடுக.
6. அமர்ந்திருப்பவருக்கும் எட்டும் உயரத்தில் அமைக்க.
7. விலையை உழைக்கும் ஆண்டுகளால் வகுத்து ஒப்பிடுக. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் மலிவுப் பலகை, பதினைந்து ஆண்டு உழைக்கும் பலகையைவிடச் செலவு மிகுந்ததாகவும் இருக்கக்கூடும்.
8. துடைக்கும் பொறுப்பை முறை வைத்துப் பகிர்ந்து, அந்தப் பட்டியலைப் பலகையின் ஓரத்திலேயே எழுதி வைக்க.